லெப்பை என்று எழுதியிருந்த பெயர்

மகன், அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. நீ ஜப்பானிலிருந்து போன் எடுத்து அந்த வயதான அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான்தான் போனை வைத்தேன். அதற்குப் பிறகு நீ மூன்று தடவை எடுத்தாய். போன் என் மடியில்தான் கிடந்தது, அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. அடுத்த நாள், "கரண்ட் போயிட்டு மகன், போன்ல சார்ஜும் இரிக்கல்ல" என்று வொய்ஸ் அனுப்பினேன். நீ நம்பினாய். சின்ன வயதிலிருந்தே உம்மா சொல்வதை நம்புகிற பிள்ளை நீ. அதனால்தான் இந்தக் கடிதம் எனக்கு இவ்வளவு பாரமாக இருக்கிறது.

உன் நிக்காஹ்வுக்கு இன்னும் ஐந்து வாரம். நம் ஊர் வழக்கப்படி நீ மாப்பிள்ளையாகப் பெண்வீட்டுக்குப் போய்விடுவாய். அங்கிருந்து அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் ஜப்பான். அதற்கு முன் உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. வொய்ஸில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். விரல்கள் அழாது என்று நினைத்துக் கடையில் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தைந்து வருடமாக அடுத்தவர்களின் விண்ணப்பமும் கல்யாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அடித்த விரல்கள். எனக்காக ஒரு பக்கம் அடிப்பது இதுதான் முதல் தடவை. நீ வாசித்த பிறகு இதை வேறு யாரும் வாசித்தாலும் பரவாயில்லை. கண்ணால் கண்டதைக் காணாததுபோல் வைத்துக்கொண்டு வாழ்ந்தவள் இந்தக் கரையில் நான் ஒருத்தியாக மட்டும் இருக்க மாட்டேன்.

நீ அந்தக் கம்பனியில் சேர்ந்த புதிதில் உன் வேலை என்னவென்று எனக்கு விளங்கவில்லை. கொம்பியூட்டரில் ஜப்பான் எழுத்து அடிப்பதற்கான திரையை வடிவமைக்கிறேன் என்றாய். அவர்களுக்கு ஆயிரக்கணக்கில் எழுத்து, ஆனால் விசைகள் நம் கடையில் இருக்கும் அதே விசைகள்தான் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"அப்ப எப்பிடி மகன் அடிக்கிற?"

"சத்தத்தத்தான் அடிக்கணும் உம்மா. மறுகா ஸ்பேஸைத் தட்டினா அந்தச் சத்தத்துக்குரிய எழுத்தெல்லாம் ஒரு பெட்டியில வரிசையா வரும். வேணுமானத்த எடுத்து என்டர் தட்டணும்."

"ஒரு சத்தத்துக்கு ஒரு எழுத்துத்தானே?"

"இல்ல உம்மா. அஞ்சும் இரிக்கும், அம்பதும் இரிக்கும்."

வீடியோவில் திரையைத் திருப்பிக் காட்டினாய். நீ தட்டத் தட்ட எழுத்துகள் வந்தன. அவற்றின் கீழே மெல்லிய கோடு ஒன்று ஓடியது. என்டர் தட்டும்வரை அந்தக் கோடு இருக்கும், கோடு இருக்கும்வரை எதுவும் முடிவில்லை, மாற்றிக்கொள்ளலாம் என்றாய். அந்தப் பெட்டி திரையில் எந்த இடத்தில் திறக்க வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை வரி காட்ட வேண்டும், எந்த எழுத்து முதலில் நிற்க வேண்டும், கோடு எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும், இதெல்லாம்தான் உன் வேலை. கேட்பவர்களுக்கு இது ஒரு வேலையா என்று இருக்கும். எனக்கு அப்படி இருக்கவில்லை. ஒரு எழுத்து மாறினால் ஒரு மனிதனின் காணி உறுதிப் பத்திரமே மாறிப்போகும் என்று தெரிந்தவள் நான். ஒருநாள் நீ புதிதாகச் செய்த ஒன்றைக் காட்டினாய். அதில் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் எழுத்துகள் இடம் மாறின. அதிகம் பாவிக்கிற எழுத்து தானாக மேலே ஏறுகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாய்.

"வாசிச்சிக்கிட்டு இரிக்கக்குள்ள வரிசைய மாத்தாத மகன். கண் ஒண்டப் பாத்திரிக்கும், விரல் வேறொண்டத் தட்டிரும்" என்றேன்.

அதை நீ வேலைசெய்யும் கந்தோரில் சொன்னாய். அவர்களும் ஓம் என்று மாற்றினார்கள். "கல்முனையில டைப் பண்ற எங்கட உம்மா சொன்ன எண்டுதான் சொன்னன்" என்று நீ சிரித்தபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அந்த ஒரு கிழமையும் கடைக்கு வந்த எல்லாரிடமும் அதைச் சொன்னேன்.

பிறகு அந்த வயதான அம்மா. நீங்கள் செய்ததைப் பாவித்துப் பார்க்க வயதானவர்கள் சிலரை அழைத்திருந்தீர்கள். அவர் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்தார். உங்களுக்கு மிக நெருக்கமான ஒருவரின் பெயரை அடியுங்கள் என்பது அவருக்குக் கொடுத்த வேலை. அவர் தன் கணவரின் பெயரை அடித்தார். கணவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவர்களுடைய கடல், நம்முடையதற்குச் சில வருடங்கள் பிந்தி வந்த கடல். அந்தப் பெயரில் ஒரு எழுத்து பழைய மாதிரி எழுதுவது. ஓசை ஒன்றுதான், ஒரு கோடும் ஒரு புள்ளியும் வித்தியாசம். பெட்டி திறந்தது. அவர் ஸ்பேஸைத் தட்டித் தட்டி ஒவ்வொரு வரியாகக் கீழே போனார். கடைசி வரி முடிந்து பெட்டி மறுபடி முதல் வரிக்கு வந்தது. இன்னொரு சுற்றுப் போனார். மூன்றாவது சுற்றில் நிறுத்தி, முதலில் நின்ற எழுத்தையே எடுத்து என்டர் தட்டினார். கோடு மறைந்தது. உன் மேலதிகாரிக்குத் திருப்தி. வேலையைப் பிழையில்லாமல் முடித்துவிட்டார் என்று எழுதிக்கொண்டார். நீ அவரைக் கதவுவரை கொண்டுபோய் விட்டாய். தேடிய எழுத்து கிடைத்ததா என்று நீ கேட்டபோது அவர் தலை குனிந்து ஒன்று சொன்னார். அதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய்.

"பரவாயில்ல தம்பி, இதுவும் பாக்க அவரப் போலத்தான் இரிக்கி எண்டு சொன்னாங்க உம்மா."

அந்த இடத்தில்தான் நான் போனை வைத்தேன்.

இனி நான் சொல்லப்போவதை நீ உட்கார்ந்து வாசி. நம் கரைக்குக் கடல் ஏறி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஏழு வயது. வாப்பா காலையில் மீன் வாங்கக் கரைக்குப் புறப்பட்டார். நீயும் வருவேன் என்று சாரனைப் பிடித்து இழுத்தாய். குர்ஆன் மதரசா இருக்கிறது என்று நான் உன்னை விடவில்லை. அதை மட்டும் நான் சரியாகச் செய்தேன். அவர் படலையைச் சாத்திக்கொண்டு, "கெதியா வாறன், தேங்காயத் திருவி வை" என்றார். தேங்காயைப் பாதி திருவியிருந்தேன், சனம் கத்திக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. மதரசாவுக்கு ஓடி உன்னைத் தூக்கிக்கொண்டு மேற்கே வயல் பக்கமாக ஓடினேன். யாரோ ட்ரக்டர் பெட்டியில் ஏற்றினார்கள். சொறிக்கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் இருந்தோம். அங்கே ஒரு தமிழ் அம்மா உனக்குத் தன் பேரனின் சட்டையைப் போட்டுவிட்டார். அது உனக்குப் பெரிதாக இருந்தது. "வாப்பா வந்தா என்னத் தெரியாமப் போயிரும்" என்று அதைக் கழற்றித் தந்தாய்.

நாலாம் நாள் ஊருக்குத் திரும்பினோம். வீடு நின்ற இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. உன்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு நான் கடைக்குப் போனேன். கடை பெரிய ரோட்டில் இருந்ததால் தண்ணீர் அங்கே வரவில்லை. பள்ளிவாசல்காரர்கள் ஜெனரேட்டர் வைத்து, அடக்கம் செய்தவர்களின் பெயர்களை அடித்து வாசலில் ஒட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். அடிக்க ஆள் இல்லை. நான் அடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். நான் போனது சேவை செய்வதற்காக இல்லை மகன். எல்லாருக்கும் முன்னால் அந்தத் தாள்களை நான் பார்க்க வேண்டும் என்று போனேன். அவர் பெயர் அவற்றில் இல்லை என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று போனேன். ஒரு நாள் முழுக்க அடித்தேன். தெரிந்த பெயர்கள் வந்தன. உன்னோடு மதரசாவில் ஓதிய பிள்ளைகள் வந்தார்கள். என் கை நிற்கவில்லை.

இரண்டாம் நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு மாஸ்டர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர், பள்ளிவாசல் கமிட்டியில் இருந்தவர், வினாத்தாள் அடிக்க நம் கடைக்கு அடிக்கடி வருபவர். சட்டையெல்லாம் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. மற்றத் தாள்களோடு வைக்காமல் ஒரு தாளைத் தனியாக என் கையில் தந்தார்.

"புள்ள, இந்தப் பேர ஒருக்காப் பாருங்க" என்றார்.

மீராலெப்பை. முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டம் போட்ட சாரன், வெள்ளை பெனியன். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அடக்கம்: பெரிய மையவாடி, கடல்பக்கச் சுவரோரம்.

வாப்பாவுக்கு நோன்புக்கு முந்தித்தான் அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தது, உனக்கு நினைவிருக்கும். அந்த ஓட்டைக்குள்ளால் விசில் அடித்து உன்னைச் சிரிக்கவைப்பார். வாப்பா தன் பெயரை எப்போதும் மீராலெவ்வை என்றுதான் எழுதுவார். அடையாள அட்டையிலும் அப்படித்தான். நம் கரையில் லெப்பை என்றும் லெவ்வை என்றும் ஒரே பெயரை ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறவர்கள்தான். அதனால் கடைக்கு யார் வந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்: லெவ்வையா, லெப்பையா? கேட்காமல் ஒருநாளும் அடித்ததில்லை. என் விசைப்பலகையில் பகரமும் வகரமும் மேலும் கீழுமாக அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு விரல் தூரம்தான்.

"இல்ல மாஸ்டர்" என்றேன். "எங்கட ஆள் லெவ்வை. இது லெப்பை. இது வேற யாரோ."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்பிடியா புள்ள" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் அந்த வரியை அடித்தேன். தாளில் இருந்தபடியே, லெப்பை என்று, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்தேன். சாரனை அடித்தேன், பெனியனை அடித்தேன், பல்லை அடித்தேன். அடித்து முடித்து அடுத்த வரிக்குப் போனேன்.

இதுதான் மகன் நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது. வாப்பாவின் பெயரை என் கையாலேயே அடித்தேன். அது அவர்தான் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். புருஷன் இறந்தால் மனைவி வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவை நான் இருக்கவில்லை. இருந்தால் அவர் மவுத்து என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவர் உடலை, மையித்தைக் கண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், இருக்கிறேன் என்று சண்டை பிடித்தேன். பாவம் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் புது வீட்டுத் திட்டத்துக்கு மரணச் சான்றிதழ் கட்டாயம் என்றபோது எடுத்தேன். காணாமல்போன எல்லாருக்கும் எடுக்கிறார்கள், அது வீட்டுக்காக எடுக்கிற ஒரு தாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, அதை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

நான் பொய்யோடு இருந்தது என்பாடு. உன்னையும் அதற்குள் வைத்துக்கொண்டதுதான் என் குற்றம். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நீ கை ஏந்தி, "யா அல்லாஹ், எங்கட வாப்பாவ வீட்ட கொண்டு வந்து தா" என்று கேட்பாய். நான் பக்கத்தில் இருந்து ஆமீன் சொல்வேன். மவுத்தான வாப்பாவுக்கு ஒரு பிள்ளை கேட்க வேண்டிய துஆ வேறு. அதை உன் வாயிலிருந்து அவருக்குப் போகவிடாமல் தடுத்தவள் நான்.

உனக்கு ஒன்பது வயதில் யாரோ வந்து சொன்னார்கள், மலைநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு மனிதர் இருக்கிறாராம், தன் பெயர் தெரியாதாம், தமிழ் கதைக்கிறாராம் என்று. நீ துள்ளிக் குதித்தாய். பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டாய். வாப்பா வரும்போது உடுக்க என்று ஒரு புதுச் சாரனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ் மலை ஏற ஏற நீ சத்தி எடுத்தாய், பிறகும் சிரித்துக்கொண்டே வந்தாய். அந்தத் தாளை நான் அடிக்கவே இல்லை என்பதுபோல, உன்னைவிட அதிகமாக நான் நம்பினேன். வார்ட்டில் அந்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நீ சலாம் சொன்னாய். அவர் உன்னைப் பார்த்துச் சிரித்தார். நீ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"இவர் வாப்பா இல்ல உம்மா" என்றாய். பிறகு, "சாரன இவருக்குக் குடுக்கவா? அவர்ர கிழிஞ்சிரிக்கி" என்றாய்.

கொடுத்தாய். திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "வாப்பா வேற ஆஸ்பத்திரியில இரிப்பாரு, மறுகா தேடுவம், என்ன உம்மா?" என்றாய். நான் "ஓம் மகன்" என்றேன். எத்தனையோ தரம் உனக்கு ஓம் சொல்லியிருக்கிறேன். இந்த ஓம் மட்டும் இன்னும் என் வாயில் கசக்கிறது.

நீ ஜப்பானுக்குப் படிக்கப் போகப் பத்திரங்கள் தேடியபோது அலுமாரியில் அந்தச் சான்றிதழைக் கண்டெடுத்தாய். உனக்குப் பத்தொன்பது வயது. திகதியைப் பார்த்தாய். விரல் மடித்து எண்ணினாய்.

"நாம ஆஸ்பத்திரிக்கிப் போறத்துக்கு முந்தியே இத எடுத்திரிக்கீங்க."

"வீட்டுக்காக எடுத்த மகன். எல்லாரும் எடுத்தாங்க."

"அப்ப ஏன் என்னக் கூட்டிக்கிட்டுப் போன நீங்க? நான் அந்தச் சாரன..." என்று தொடங்கி நிறுத்தினாய். அதற்குமேல் நீ எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனா என்று பல தடவை யோசித்துவிட்டேன். சொல்லியிருக்க மாட்டேன். நீ போன பிறகு எட்டு மாதம் பெரியம்மாவின் போனுக்குத்தான் எடுத்தாய். பிறகு ஒருநாள், பகுதிநேரமாகச் சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் இடத்தில் கையைச் சுட்டுக்கொண்டேன் என்று எனக்கு எடுத்து அழுதாய். அதற்குப் பிறகு நாம் மறுபடி உம்மாவும் மகனும் ஆனோம். வாப்பாவைப் பற்றிக் கதைப்பதை மட்டும் இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.

நான் போனை வைத்த பிறகு நீ என்ன செய்தாய் என்று போன கிழமை நீ அனுப்பிய நீண்ட வொய்ஸில் தெரிந்துகொண்டேன். பழைய எழுத்துகளைத் தேடி எடுக்க அந்தப் பெட்டியின் அடியில் ஒரு வழி வைக்கலாம், 'இதில் இல்லை' என்று சொல்ல ஒரு இடம் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அது தேவைப்படுவது மிகச் சிலருக்குத்தான், இந்த முறை முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நீ லீவு நாளில் ரயில் ஏறி அந்த அம்மாவின் வீட்டுக்குப் போயிருக்கிறாய். அவருடைய கொம்பியூட்டரில் அவருடைய சொந்தச் சொற்பட்டியலில் அந்த எழுத்தைத் தேடிச் சேர்த்து, சத்தத்தை அடித்தால் கணவரின் பெயர் முதலில் வரும்படி செய்து கொடுத்திருக்கிறாய். அவர் அடித்துப் பார்த்தார், பெயர் வந்தது, ஆனால் நீண்ட நேரம் என்டர் தட்டாமல் அந்தக் கோட்டோடேயே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்தேன் என்று சொன்னாய். கடைசியில் அவரே தட்டினாராம். தட்டிவிட்டு உனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாராம். இதை நான் ஐந்தாறு தடவை கேட்டேன். யாரோ ஒரு பெண்ணின் பக்கத்தில் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருக்க என் மகனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நான் உனக்குப் படிப்பிக்கவில்லை.

அந்த வொய்ஸின் கடைசியில்தான் நீ கேட்டிருந்தாய். "உம்மா, கல்யாணக் காட் நீங்கதானே அடிக்கிற. வாப்பாட பேருக்கு முன்னால மர்ஹூம் போடவா, போடாம விடவா? நீங்க சொல்றபடி செய்யலாம்." மவுத்தானவர்களுக்கு மட்டுமே போடும் அந்தச் சொல்லுக்காக, இருபது வருடத்துக்குப் பிறகும் என் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கக் காத்திருக்கிறாய்.

நான் மாஸ்டரைத் தேடிப் போனேன். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார், ஒரு கண்ணில் பார்வை குறைவு. அஸர் தொழுதுவிட்டு வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மகனுக்குக் கல்யாணம் என்றேன். சந்தோஷப்பட்டார். பிறகு வந்த காரியத்தைத் தொடங்கினேன்.

"மாஸ்டர், அண்டைக்கு ஒரு தாள் தந்த நீங்க. லெப்பை எண்டு..."

"ஓம் புள்ள."

"அது அவர்தான் மாஸ்டர்."

"எனக்குத் தெரியும் புள்ள" என்றார். "நான்தானே எழுதின. அவர் கடைக்கி ஒங்களக் கூட்டிப்போக வரக்குள்ள எத்தின தரம் கண்டிரிக்கன், எனக்கு ஆளத் தெரியாதா? வாயால சொல்ல ஏலாமத்தான் அந்தத் தாள ஒங்கட கையில தந்த."

"அப்ப ஏன் மாஸ்டர் நான் இல்ல எண்டக்குள்ள நீங்க ஓம் எண்டு சொல்லல்ல?"

"நீங்க இல்ல எண்டு சொன்ன மொகத்தப் பாத்து நான் எப்பிடிப் புள்ள ஓம் எண்டு சொல்ற? ரெண்டு நாள் கழிச்சிச் சொல்லுவம் எண்டு நெனச்ச. மறுகா ஒரு மாசம் எண்டு நெனச்ச. இப்ப இத்தின வருசம் போயிட்டு. நான் லெவ்வை எண்டு எழுதியிரிக்கணும். என்ட வாப்பா லெப்பை எண்டுதான் எழுதுவாரு, அந்தப் பழக்கத்தில கை போயிட்டு. சரியா எழுதியிருந்தா ஒங்களுக்கு இல்ல எண்டு சொல்ல வழி இரிந்திரிக்காது. அந்தப் புள்ள வாப்பாவத் தேடி ஊர் ஊராத் திரிஞ்சிரிக்காது."

மகன், ஒரு எழுத்துக்காக அந்த மனிதரும் இத்தனை வருடம் என்னைப் போலவே வெந்துகொண்டு இருந்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் மையவாடிக்குப் போய், வாப்பாவின் பெயர் சொல்லித் துஆக் கேட்டிருக்கிறார். லெவ்வை என்றே சொல்லிக் கேட்கிறேன் என்றார். அவர் பிழையில்லை என்று நான் சொன்னேன்.

நீ புது வாழ்க்கைக்குள் போகிறாய். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா தெரியவில்லை, என்றாலும் உம்மா என்ற உரிமையில் சொல்கிறேன். உன் மனைவி ஒருநாள் கண்ணைப் பார்க்காமல் 'ஒண்டுமில்ல' என்பாள். அப்போது இன்னொரு தடவை கேள். அவள் கோபித்தாலும் கேள். உன்னிடம் அவள் கேட்கும்போது, கரண்ட் போய்விட்டது என்று சொல்லாதே. உனக்குப் பிள்ளை பிறந்து அது கேட்கக் கூடாததைக் கேட்டால், அதன் வயதுக்கு ஏற்ற அளவில் சொல், ஆனால் உண்மையைச் சொல். பிள்ளைகள் தாங்குவார்கள். நீ தாங்க மாட்டாய் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டது உன்னைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. உன் வேலையிலும் ஒன்று: கெதியாக முடித்துவிட்டுப் போகிற எல்லாரும் தேடியது கிடைத்துப் போகிறவர்கள் என்று எண்ணாதே. அந்த 'இதில் இல்லை' என்ற இடத்தை அடுத்த தடவையும் கேள். அதற்கு அடுத்த தடவையும் கேள்.

அழைப்பிதழில் மர்ஹூம் என்று போடுகிறேன். பெயரை வாப்பா எழுதுகிறபடி எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு நீ என்னோடு கதைக்காமல் இருந்தால் அதை நான் தாங்கிக்கொள்வேன். எட்டு மாதமோ அதைவிட அதிகமோ. பெரியம்மாவுக்கு எடு, நீ சுகமா என்று நான் அவரிடம் கேட்டுக்கொள்வேன்.

மாஸ்டர் வெள்ளிக்கிழமை என்னைப் பெரிய மையவாடிக்குக் கூட்டிப்போனார். அந்த ரோட்டால் பஸ் போகும் ஒவ்வொரு தடவையும் நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்பவள். நம் ஊரில் பெண்கள் உள்ளே போவதில்லை, உனக்குத் தெரியும். நான் ரோட்டில், மதிலுக்கு வெளியே நின்றேன். அவர் உள்ளே நடந்துபோய்க் கடல்பக்கச் சுவரோரம் ஒரு இடத்தில் நின்று, கையை உயர்த்திக் காட்டினார். மண்தான் மகன். அடம்பன் கொடி படர்ந்த சாதாரண மண். மதிலிலிருந்து பதினைந்து அடிகூட இருக்காது. நான் சலாம் சொன்னேன். கடல் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

நீ வந்து இறங்கியதும் பெண்வீட்டுக்குப் போவதற்கு முன் அங்கே போ. மாஸ்டர் இடத்தைக் காட்டுவார். கிட்டப் போய் உட்கார். எவ்வளவு நேரம் வேண்டுமோ உட்கார், யாரும் உன்னை அவசரப்படுத்த மாட்டார்கள். அவருக்குச் சேர வேண்டிய துஆவை உன் வாயால் கேள். நான் வெளியே ரோட்டில் நிற்பேன். நீ திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றில்லை. பக்கத்தில் நடந்து வந்தால் போதும்.

உம்மா